இணைந்திருத்தலும் விலகலும்: பிரிட்டன் புகட்டும் பாடம்

கூடி வாழ்வது நன்று என்பதை எவரும் மறுப்பதில்லை. தன் வீட்டைத் தானே ஆள்வது நன்று என்பதையும் எவரும் மறுப்பதில்லை. இவ்விரு நன்மைகளும் ஒன்றோடொன்று மோதும்போது எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வினா எழுகின்றது. பல நாடுகள் சேர்ந்து அமைத்த ஒன்றியத்தில் ஒரு நாடு தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்பது அத்தகைய வினாவே. அதனைத் தன் மக்கள் முன் இருமுறை வைத்து, இருமுறையும் வெவ்வேறு விடை பெற்ற நாடு பிரிட்டன். அந்நாட்டின் பட்டறிவை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் நேரும் இழப்பு, கிட்டும் ஆக்கம், பின்னர் விளையும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் தரும் அறிவுரை. அதனையே நம் அளவுகோலாகக் கொள்வோம்.

ஒன்றியம் தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த ஐரோப்பா, மீண்டும் ஒரு போர் மூளாதிருக்க வழி தேடிற்று. போர்க்கருவிகளுக்கு அடிப்படையான நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான் 1950 மே 9ஆம் நாள் அறிவித்தார். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் அதற்கு உடன்பட்டன. 1957இல் ரோம் உடன்படிக்கையின் வழியாகப் பொதுச் சந்தை உருவாயிற்று. வாணிகம் வழியாக இருந்தது. அமைதியே நோக்கமாக இருந்தது.

தொடக்கத்தில் ஒதுங்கி நின்ற பிரிட்டன், பின்னர்ச் சேர விரும்பியபோது பிரெஞ்சு அதிபர் தெ கோல் 1963இலும் 1967இலும் தடுத்துவிட்டார். 1973 ஜனவரி முதல் நாளில்தான் அது உறுப்பு நாடாயிற்று. 1975இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 67.2 விழுக்காட்டினர் தொடர்ந்து இருக்கவே விரும்பினர். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, அச்சந்தையை ஐரோப்பிய ஒன்றியம் என்னும் அரசியல் அமைப்பாக மாற்றிற்று. சந்தைக்கு வந்தவர்கள் சம்பந்தம் செய்துகொள்ள நேர்ந்ததாகப் பிரிட்டானியரில் பலர் எண்ணத் தலைப்பட்டனர்.

இரு தரப்பு வாதங்கள்

விலக வேண்டும் என்றோர், எம் சட்டத்தை எம் நாடாளுமன்றமே இயற்ற வேண்டும் என்றனர். 2004இல் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தபின் வேலை தேடி வந்தோர் தொகை பெருகியதைச் சுட்டினர். இவை புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. ஆனால் வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குச் செல்வதாக அவர்கள் ஒரு பேருந்தில் எழுதி ஊர் ஊராகக் காட்டிய கணக்கு நேர்மையானதன்று. 1984இல் பிரதமர் தாட்சர் வாதாடிப் பெற்ற தள்ளுபடி அதில் கழிக்கப்படவில்லை.

இருக்க வேண்டும் என்றோர், தடையற்ற பெருஞ்சந்தையின் ஆக்கத்தைக் காட்டினர். இறைமையைப் பகிர்ந்துகொள்வது அதனை இழப்பதாகாது என்றனர். இதற்கு நார்வே நல்ல சான்று. 1972இலும் 1994இலும் சேர மறுத்த அந்நாடு, சந்தையின் வசதி வேண்டி ஒன்றியத்தின் விதிகள் பலவற்றை ஏற்று நடக்கின்றது. ஆனால் அவ்விதிகளை வகுக்கும் அவையில் அதற்கு வாக்கு இல்லை. வெளியே நிற்பவர் எல்லாம் விடுதலை பெற்றவர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

கேட்கப்பட்ட வினாவும் கேட்கப்படாத வினாவும்

2016 ஜூன் 23ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளரில் 72.2 விழுக்காட்டினர் பங்கேற்றனர். 51.9 விழுக்காட்டினர் விலகவும், 48.1 விழுக்காட்டினர் இருக்கவும் வாக்களித்தனர்.

இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 'இருத்தல்' என்பதன் பொருள் அனைவரும் அறிந்தது. 'விலகல்' என்பதற்கோ பல பொருள்கள் உண்டு. நார்வேயைப் போலச் சந்தைக்குள் நிற்பதா, சுங்க வரியில் மட்டும் இணைந்திருப்பதா, முற்றிலும் வெளியேறுவதா என்பதை வாக்குச்சீட்டு கேட்கவில்லை. வீட்டைவிட்டுப் புறப்பட ஒப்பியவர்கள், போகும் ஊரைப் பற்றி ஒப்பவில்லை. அதன் விளைவாக, 2019இல் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த உடன்பாட்டை நாடாளுமன்றம் மூன்று முறை நிராகரித்தது. 2020 ஜனவரி 31ஆம் நாள்தான் பிரிட்டன் விலகிற்று.

கிரீன்லாந்து இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 1982இல் மக்களைக் கேட்டு 1985இல் அது வெளியேறியது. மீன்வளத்தைத் தானே ஆள வேண்டும் என்பது அதன் தெளிவான நோக்கமாக இருந்ததால், பேச்சுக்கும் ஓர் எல்லை இருந்தது.

எல்லையோர மக்கள்

பிரிட்டனின் விலகலில் பெரிதும் தவித்தவர்கள் வட அயர்லாந்து மக்கள். அங்கே ஏறத்தாழ முப்பதாண்டுகள் நடந்த பூசலில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். 1998இல் ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை அதனைத் தணித்தது. அதன்பின் அயர்லாந்துக் குடியரசுடனான சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில் காவற்சாவடிகள் மறைந்தன. இரு புறமும் ஒரே ஒன்றியத்தில் இருந்தமையால் சுங்கச்சாவடியும் தேவைப்படவில்லை.

பிரிட்டன் விலகியதும் அக்கோடு ஒன்றியத்தின் புற எல்லையாயிற்று. நிலத்தில் சோதனை வைத்தால் பழம் புண் திறக்கும். கடலில் வைத்தால் பிரிட்டனுக்குள்ளேயே பிளவு தோன்றும். இறுதியில் கடல்வழிச் சோதனையே முடிவாயிற்று. அதனால் எழுந்த மனக்குறையைத் தணிக்க 2023இல் விண்ட்சர் ஏற்பாடு வகுக்கப்பட்டது. இவ்வளவுக்கும், அம்மக்களில் 55.8 விழுக்காட்டினர் இருக்கவே வாக்களித்திருந்தனர். விளைவைச் சுமப்பவர் குரல் பெருந்தொகையில் கரைந்துபோயிற்று.

இழப்பும் ஆக்கமும்

விலகியதால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 விழுக்காடு குறையும் என அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணித்துள்ளது. மறுபுறம், பிரிட்டன் தானே வாணிக உடன்பாடுகள் செய்யும் உரிமை பெற்று, 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வாணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. குடியேற்றம் உடனே குறையவில்லை. 2023இல் முன்னெப்போதும் இல்லாத அளவை எட்டிப் பின்னரே இறங்கிற்று. அறிவியல் ஆய்வில் தனித்து நிற்க இயலாமையால், 2024 ஜனவரியில் ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வுத் திட்டத்தில் மீண்டும் இணைந்தது. முறிந்த உறவையும் சிறுகச் சிறுகக் கட்ட வேண்டியிருக்கின்றது.

முடிவுரை

மக்களைக் கேட்டதே பிழை என்று இதனால் கூறலாமா? கூடாது என்பதே நம் கருத்து. உஹதுப் போருக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதை விரும்பினார்கள். எனினும் வெளியே செல்ல விழைந்த பலரின் கருத்தை ஏற்றார்கள். அப்போரில் பேரிழப்பு நேர்ந்தது. அதன் பின்னரும் தோழர்களிடம் கலந்தாலோசிக்குமாறே திருமறை பணித்தது. ஆலோசனையின் முடிவு கசந்தாலும் ஆலோசனை கைவிடத்தக்கதன்று என்பது இதனால் நாம் பெறும் படிப்பினை.

ஆயின் ஆலோசனை முழுமையாக இருத்தல் வேண்டும். விலகலாமா என்று கேட்போர், விலகி எங்கே செல்வது என்பதையும் கேட்க வேண்டும். எண்ணிக்கையில் சிறியோராயினும் விளைவைச் சுமப்போரை அவையில் முன்னிருத்த வேண்டும். ஒன்றியத்தில் இருப்பதோ விலகுவதோ ஒரு நாட்டின் உரிமை. அவ்வுரிமையை எண்ணித் தெளிந்து கையாள்வது அதன் கடமை. நம் ஊர் ஜமாஅத்து முதல் நாடுகளின் பேரவை வரை இவ்வறம் ஒன்றே.