டுக்குச்சேயில் கேவுரு களி

விருத்தாசலத்தில் காசிக்குப் போகிறேன் என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். “விருத்தகாசியில பொறந்துட்டு உனக்கு வேற காசி எதுக்கு? காசிய விட வீசம் கூட நம்ம ஊரு.” இருந்தாலும் காசிக்கும், அதையும் தாண்டி நேபாளத்து முக்திநாத்துக்கும் இங்கிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்பது அதுதானே.

யாத்திரை நோட்டீஸ்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெருமாள் பெயருக்கு அடுத்தபடியாகக் கொட்டை எழுத்தில் இருப்பது ‘நம்ம ஊர்ச் சாப்பாடு, சமையல்காரர் உடன் வருவார்’ என்ற வரி. நாங்கள் போன குழுவிலும் அப்படித்தான். காஸ் அடுப்பு, அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல் டப்பா எல்லாம் தனி வண்டியில் பின்னால் வந்தன. காட்மாண்டுவில் இட்லி, பொக்காராவில் ரசம். நாலு நாளாகியும் நேபாளத்து உப்பு நாக்கில் படவில்லை.

எனக்குத் துணை மாமா. செராமிக் கம்பெனியில் முப்பது வருஷம் சூளை பார்த்தவர். ஃபியூஸ் கேரியர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று நெய்வேலிக் களிமண்ணில் என்னவெல்லாம் வருமோ அத்தனையும் அவர் கையால் வெந்து வந்திருக்கின்றன. ஓட்டலில் தட்டு வைத்தால் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். அப்புறம் விரல் முட்டியால் ஒரு தட்டு. சத்தம் சரியாக வந்தால்தான் சாப்பாடு.

நேபாளச் சாப்பாடு என்றதும் நமக்குத் தெரிவது மோமோதான். இப்போது சின்ன ஊர்களில்கூடத் தள்ளுவண்டியில் ஆவி பறக்கிறதே, அது. திபெத்தோடு வாணிபம் செய்த நேவார் வியாபாரிகள் லாசாவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். அங்கே போனால் ஒன்று ஞாபகமிருக்கட்டும்: ‘பஃப்’ மோமோ என்றால் உள்ளே எருமைக் கறி. ஆனால் நேபாளி தன் வீட்டில் தினம் இரண்டு வேளை உட்காருவது தால் பாத் முன்னால்தான். பருப்பும் சோறும்.

அது எங்களுக்குக் கிடைத்தது ஒரு மண்சரிவின் புண்ணியத்தில். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் ஜீப் பாதையில் நாங்கள் தாண்டிய பிறகு மலை கொஞ்சம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சமையல் வண்டி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். டுக்குச்சே என்ற கிராமத்துக்கு வந்தபோது மணி இரண்டு. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி, நடுவே காளி கண்டகி. காற்று ஆளைத் தள்ளுகிறது. பசியும்தான்.

டிரைவர் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். தகாலி ஓட்டல். தகாலிகள் இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள். திபெத்திலிருந்து உப்பு இறங்கும், தெற்கிலிருந்து தானியம் ஏறும். இரண்டும் கைமாறிய சந்தை டுக்குச்சே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உப்புச் சுங்கக் குத்தகையே இவர்கள் கையில்தான் இருந்தது. ஆண்கள் கோவேறு கழுதைகளோடு போக, பெண்கள் வழிநெடுக சத்திரம் நடத்தினார்கள். பிறகு இந்தியக் கடல் உப்பு மலையேறி வந்தது. 1959-க்குப் பிறகு திபெத் எல்லையும் இறுகியது. உப்பு போனது, அடுப்பு மிஞ்சியது. பொக்காராவுக்கும் காட்மாண்டுவுக்கும் இறங்கிப்போய் ஓட்டல் போட்டார்கள். இன்று நேபாளத்தில் எந்த ஊரிலும் ‘தகாலி’ என்று பலகை இருந்தால் நம்பி உள்ளே போகலாம் என்பது பேச்சு. நம்மூர்க்காரர்கள் அந்தச் சமையலின் பிறந்த வீட்டு வாசல் வழியாகத்தான் புளியோதரையோடு போய்வருகிறார்கள்.

அடுப்படியைப் பார்த்தாலே பாதிப் பசி போகும். செம்பும் பித்தளையும் அலமாரியில் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. ஓட்டல்காரம்மாவை அங்கே ‘தீதி’ என்று கூப்பிட வேண்டும், அக்கா மாதிரி. நேபாளிகள் காலைப் பத்து மணிக்கே சோறு சாப்பிட்டுவிடுகிறவர்கள். நாங்கள் போன நேரம் இரண்டுங்கெட்டான். தீதி முகம் சுளிக்கவில்லை, புதிதாக உலை வைத்தார். சோறா, டிடோவா என்று கேட்டார். டிடோ என்றால் என்ன? கோதோ மாவு என்றார். நம் சிறுதானியக் கடைகளில் கோதோ என்றால் வரகு. அவர் உள்ளே போய் ஒரு பிடி மாவைக் கொண்டுவந்து காட்டினார். மாமா இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“கேவுரு மாப்ள. களி கிண்டப் போறாங்க.”

அதே கொதிநீர், அதே துடுப்பு, அதே விடாத கிளறல். தட்டு வந்ததும் மாமாவின் முட்டி தானாகப் போயிற்று. கணீரென்றது. வெண்கலம். எங்கள் பாட்டி கூழ் ஊற்றிய கும்பாவின் அதே சத்தம். நடுவில் களி, சுற்றிலும் சின்னக் கிண்ணங்கள்: இரும்புச் சட்டியில் வெந்து கறுத்த உளுந்தம்பருப்பு, கடுகுக் கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய், ஓரமாக நெய். களியைக் கிள்ளி, பருப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புதிதாக இருந்தவை மூன்று. ஒன்று திமூர், மிளகு போலிருக்கும், கடித்தால் நாக்கு நுனி மரத்துப்போய் விறுவிறுவென்று துடிக்கும். இன்னொன்று குந்துருக். கீரையை வாட்டி, பானையில் இறுக்கித் திணித்து, புளித்தபின் வெயிலில் காயவைத்து எடுத்த வற்றல். அதைப் போட்டுக் கொதித்த சாறின் வாடை முதலில் பயமுறுத்தும்; கருவாட்டுக் குழம்பு பழகிய கடலூர் மாவட்டத்து மூக்குக்கு அது பெரிய விஷயமில்லை. மூன்றாவது ஜிம்பு. நெய்யில் பொரித்துப் பருப்பில் கொட்டுகிற உலர்ந்த தாள். எங்கள் குழுவில் வெங்காயம் பூண்டு தொடாத இரண்டு அம்மாக்கள், “என்னா வாசனை இது, பெருங்காயமா?” என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மலையில் விளைகிறது என்று மட்டும் சொன்னேன். வெங்காயத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்பதைச் சொல்லி அவர்கள் யாத்திரையைக் கெடுப்பானேன்.

தட்டு காலியாவதைத் தீதி பார்த்துக்கொண்டே இருப்பார். கரண்டியோடு வந்து நிற்பார். ‘புக்யோ’, போதும், என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் மூன்று முறை பருப்பு விழுந்துவிட்டது. காசு விஷயத்தில் குழப்பமில்லை. நம் நூறு ரூபாய் அவர்களுக்கு 160, பல வருஷமாக அதே கணக்கு.

சமையல் வண்டி இருட்டியபின் வந்து சேர்ந்தது. எலுமிச்சை சாதம் நிறைய மிஞ்சியது.

ஊர் திரும்புமுன் பக்தபூர் போனோம். காட்மாண்டுவிலிருந்து கிழக்கே, கூப்பிடு தூரம். 2015 நிலநடுக்கத்தில் அடிபட்டு எழுந்த ஊர். அங்கே ‘ஜுஜு தௌ’ பிரசித்தம். நேவாரி மொழியில் ராஜ தயிர் என்று அர்த்தம். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி, மண் கிண்ணத்தில் உறைய வைத்தது. கவிழ்த்தாலும் விழாது. மாமா ஒரு வாய் போட்டுவிட்டு, தயிரை விட்டுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்ப ஆரம்பித்தார்.

“இது நம்ம செராமிக்ல வராது மாப்ள. நாம ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல சுடறோம், கிளேஸ் போடறோம். ஒரு சொட்டு உள்ள போவாது. இது வைக்கோல்ல சுட்ட மண்ணு. தயிருத் தண்ணிய இதுவே குடிச்சிருது, அதான் இந்தக் கெட்டி.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கடை ஓரத்தில் அடுக்கியிருந்த காய்ந்த கிண்ணம் ஒன்றை எடுத்தார். சூளைக்காரர்களின் பழைய சோதனை ஒன்று உண்டு. வெந்த மண் தண்ணீர் குடிக்குமா என்று பார்க்க நாக்கை வைத்துப் பார்ப்பது. குடிக்கிற மண் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். மாமா நட்டநடுக் கடையில், கண்ணை மூடி, வெறும் கிண்ணத்தின் விளிம்பில் நாக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரப் பெண் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பரிதாபப்பட்டு இன்னொரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.