மயில்துத்தத்தின் ஐந்தாவது நீர்

மயில்துத்தம் என்று நம் முன்னோர் பெயரிட்ட நீலக் கல்லை வேதியியலார் செம்புச் சல்பேட் என்பர். அதில் செம்பு அணு ஒன்றுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டெனப் பாடநூல்கள் கூறும். அவை ஐந்தும் ஒரே நிலையில் உள்ளனவா? இல்லை.

1934ஆம் ஆண்டில் பீவர்ஸ், லிப்சன் என்னும் இரு அறிஞர்கள் எக்ஸ் கதிர்களின் துணையால் இப்படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தனர். செம்பைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரத்தின் மூலைகளில், ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நிற்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் சற்று எட்டி, 2.4 ஆங்ஸ்ட்ராம் அளவில் உள்ளன. ஆகவே இது நீண்டதோர் எண்முக வடிவம். ஐந்தாவது நீரோ செம்போடு சேர்வதில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளால் அண்டை நீரையும் சல்பேட்டையும் பற்றிக்கொண்டிருக்கிறது.

வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன் இதனைக் காந்தத்தின் வழியே ஆராய்ந்தார். கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜியுடன் சேர்ந்து, படிகத்தின் காந்த இயல்பு திசைக்குத் திசை வேறுபடுவதை அளந்து, அணு அமைப்போடு பொருத்திக் காட்டி 1936இல் வெளியிட்டார். செம்பின் சூழல் எத்திசையிலும் ஒத்திருப்பின் இவ்வேறுபாடு தோன்றாது. சீரான எண்முகம் செம்புக்கு நிலைபெறாமையின் காரணத்தை யான், டெல்லர் ஆகியோர் 1937இல் வகுத்த தேற்றம் விளக்குகிறது.

மயில்துத்தத்தைச் சூடேற்றினால் நீர் நீங்கி வெண்பொடியாகும்; சில துளி நீர் விட்டால் நீலம் திரும்பும். செம்பின் நிறத்தை அதனைச் சூழ்ந்திருப்பவையே மாற்றுகின்றன. ஆதலின், மாணவர்க்கு ஐந்து நீர் என்று மட்டும் சொல்லாமல், நான்கும் ஒன்றும் எனப் பிரித்துக் காட்டுவதே பொருந்தும்.