குடம் தூக்கிய மணலில் குளோன் சவுக்கு

செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரியில் மின்சார ரயில் நின்றதும் கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக இறங்குகிறார்கள். சென்னை மாகாணத்து ரயில் ஒரு காலத்தில் விறகில் ஓடியது என்றால் சிரிப்பார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. பின்னர் எஞ்சினுக்கும் பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு போதாமல் சுற்றுவட்டாரப் புதர்க்காடுகள் மொட்டையாயின. அந்த விறகுப் பஞ்சத்துக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் கண்ட வழிதான் செங்கல்பட்டு, நெல்லூர் கடலோர மணலில் சவுக்கு.

அன்றைய வேலை முதுகை ஒடிப்பது. மணலில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, கன்று வேர் பிடிக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் ஊற்ற வேண்டும். விதை கிடைத்த மரத்து விதை; பொறுக்கி எடுக்கிற வழக்கமில்லை. ஐந்தாறு வருஷம் போனால் வியாபாரி வந்து தோப்பை மொத்தமாக விலை பேசுவார். நேரான கம்பு சாரத்துக்கும் பந்தலுக்கும், மிச்சம் அடுப்புக்கு. வன அதிகாரி சொல்வார், குடியானவர் கேட்பார்.

இன்று பாடம் திசை மாறிவிட்டது; வெளியிலிருந்து வருகிறவர்கள் இங்கே பார்த்துக் கற்கிறார்கள். 2014 பிப்ரவரியில் ஐந்தாவது சர்வதேச சவுக்குப் பயிலரங்கு நடந்த இடம் மாமல்லபுரம். கோவையில் இருக்கும் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் அதில் முன்னின்றது. வெளிநாட்டு வனவியலாருக்கு நம் தோப்பில் என்ன அதிசயம்? ஐரோப்பாவில் ஸ்புரூஸ் மரம் நட்டவர் வெட்டுவது அபூர்வம். 60 முதல் 100 வருஷம் ஆகும், பேரன்தான் வெட்டுவான். இங்கே கடலை போட்டவர் அதே நிலத்தில் சவுக்கு வைத்து மூன்று நான்கு வருஷத்தில் காசு பார்க்கிறார். மீட்டருக்கு ஒரு கன்று என்றால் ஏக்கருக்கு 4,000. வேரில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் மரம் நிமிர்கிறது.

மாற்றத்துக்குப் பின்னால் காகித ஆலை இருக்கிறது. காடுகளை நம்பாமல் விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து மூலப்பொருளை உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்று 1988 தேசிய வனக் கொள்கை ஆலைகளுக்குச் சொன்னது. அதன்பின் ஒரே தாய்மரத்தின் அச்சு நகலான குளோன் கன்று வந்தது, நாட்டுச் சவுக்கோடு ஜுங்குனியானா என்ற இன்னொரு சவுக்கு இனத்தைச் சேர்த்த கலப்பின ரகம் வந்தது. பட்டை உரித்த கட்டை டன் கணக்கில் லாரி ஏறுகிறது.

எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. தோப்பு முழுக்க ஒரே குளோன் என்றால் ஒரு நோய் வந்தால் போதும். தென் சீனக் கடலோரத்துச் சவுக்கை பாக்டீரியா வாடல் நோய் அடித்த கதை நமக்கும் பாடம்தான். விலையும் பெரும்பாலும் வாங்குகிறவர் கையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தோப்புகள் ரிசார்ட்டாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. மனை விலையோடு எந்தக் குளோனும் போட்டி போட முடியாது, அது வேறு கதை.

பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கிற பயிர் உங்கள் மாவட்டத்தில் நிற்கிறது. செய்யூர் பக்கம் தோப்பு வெட்டும் நாளில் போய்ப் பாருங்கள். டன் என்ன விலை, வெட்டுக்கூலியும் வண்டிவாடகையும் போக எவ்வளவு நிற்கிறது என்று தோப்புக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.