சட்டத்தால் வளர்ந்த துப்பாக்கி

ஜெர்மனியின் துரிங்கியாப் பிரதேசத்தில் ஸெல்லா-மெஹ்லிஸ் நகரிலிருந்த வால்தர் தொழிற்சாலை, போலீஸாருக்கென 1929-இல் வெளியிட்ட பி.பி. என்னும் கைத்துப்பாக்கியை, சாதாரண உடையில் உலவும் துப்பறிவோர் அங்கிக்குள் மறைத்துச் செல்லும் பொருட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே குறுக்கிச் செய்த வடிவமே பி.பி.கே. சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்து வைக்காமல், விசையை நீளமாக இழுத்த மாத்திரத்திலேயே முதல் தோட்டா வெடிக்கும் அதன் அமைப்பை, ஆயுதத்தை உடலோடு சுமப்போரின் அபாயத்தைப் பெரிதும் தணித்த அபூர்வ சாதனையென்றே சொல்ல வேண்டும்.

1968-இல் அமெரிக்கா இயற்றிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மிகச் சிறிய துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்கவே, உயரம் மயிரிழையில் குறைந்த பி.பி.கே. அந்தச் சந்தையை இழந்தது. உடனே, பி.பி.யின் உயர்ந்த சட்டகத்தின்மீது பி.பி.கே.யின் குறுகிய மேற்பகுதியைப் பொருத்தி பி.பி.கே./எஸ். உருவாயிற்று. சற்றே கனம் கூடினும், கைக்கு நிறைவான பிடியும் கூடுதலாக ஒரு தோட்டாவும் கிடைத்தன. பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே தயாரான சிலவற்றில், சுடுகையில் பின்பாயும் மேற்பகுதி பெருவிரலிடுக்குத் தோலைக் கிழிக்காதபடி சட்டகத்தின் பின்முனையும் நீட்டப்பட்டது. ஒளித்துச் சுமக்கும் சௌகரியத்தில் பழையது சிறந்தது. உறுதியாகப் பிடித்துச் சுடுவதற்குப் புதியதே மேல் என்பது என் அபிப்பிராயம்.