மிரளும் கினிக்கோழிக் குஞ்சுகளைப் பழக்குவது எப்படி?

குழுக் கடனில் கினிக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்க்கும் சகோதரிகள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். "நாட்டுக்கோழி மாதிரி இல்லீங்க, ஆளைக் கண்டாலே தறிகெட்டு ஓடுது. சாயங்காலம் கூட்டுக்கும் வர மாட்டேங்குது." இது குஞ்சின் குற்றமல்ல. கினிக்கோழி ஆப்பிரிக்கக் காட்டுப் புதர்களில் இருந்து வந்த பறவை. அங்கே ஓடித் தப்பியதுதான் பிழைக்கும். அந்தப் பயம் குஞ்சு பொரிக்கும்போதே கூட வருகிறது.

இதில் பெரிய ஆபத்து, மிரண்ட குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிவதுதான். அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். ராத்திரி நாய் குரைத்தாலோ திடீரென்று கரண்ட் போனாலோ போதும், காலையில் பார்த்தால் பாதிக் குஞ்சு போயிருக்கும். கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். அதனால் முதல் வேலை மூலையை ஒழிப்பது. தகரம் அல்லது அட்டையை வட்டமாக வளைத்து வைத்து, அதற்குள்தான் குஞ்சை விட வேண்டும். ஒரு பக்கம் சாக்கைத் தொங்கவிட்டால் ஆள் நடமாட்டம் தெரியாது. வழவழப்பான தரையில் கால் வழுக்கி அகன்று முடமாகும், ஆகவே முதல் சில நாள் சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மிரண்டு ஓடும் குஞ்சு தண்ணீரில் விழுந்து நனையும்.

குளிர்ந்த குஞ்சும் பயந்த குஞ்சும் ஒரே மாதிரிதான் கத்தும். எனவே சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரம் 3 டிகிரி அளவுக்குக் குறைக்கலாம். பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு அல்லது கோழிக்குஞ்சுக்கென்று விற்கும் சூட்டு பல்பு போடுங்கள்.

பழக்குவது இரண்டாம் நாளிலேயே தொடங்கலாம். தீனி வைப்பது தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து கையை நீட்டாதீர்கள். மேலே இருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். உட்கார்ந்து, தரையோடு உள்ளங்கையை வைத்து, அதில் கொஞ்சம் தினையோ கரையானோ போட்டுச் சும்மா இருங்கள். கரையானுக்கு வராத குஞ்சு இல்லை! கையைத் தேடி வந்தாலும் உடனே பிடிக்கக் கூடாது, பிடித்தால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும். தீனி வைக்கும்போதெல்லாம் ‘பா பா’ என்றோ தகரத்தைத் தட்டியோ ஒரே சத்தம் கொடுங்கள். பிற்பாடு மேய்ச்சலில் இருந்து கூப்பிட அதுதான் கயிறு.

பிடித்தே ஆக வேண்டுமென்றால் இருட்டியபிறகு, குறைந்த வெளிச்சத்தில், இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து எடுங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு பிசகிவிடும்.

ஆறு வாரமாவது கொட்டகையிலேயே அடைத்து வையுங்கள், அப்போதுதான் இதுதான் வீடு என்று மனதில் பதியும். பிறகு அந்திநேரத்தில், பசியோடு இருக்கும்போது, நாலைந்தை மட்டும் வெளியே விடுங்கள். மற்றவை உள்ளே இருந்து கத்துவதால் இவை தூரம் போகாது. இருட்டான கொட்டகைக்குள் கினிக்கோழி நுழையத் தயங்கும். அடையும் நேரத்தில் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நாட்டுக்கோழியை அடைக்கு வைத்துப் பொரித்தால் மிரட்சி பாதி குறையும், குஞ்சுகள் தாய்க்கோழியின் பின்னாலேயே வீடு திரும்பப் பழகும். ஆனால் 26 முதல் 28 நாள் அடைகாக்க வேண்டும், கோழி முட்டைக்கு 21 நாள்தான். அதனால் நன்றாக அடை கிடக்கும் கோழியாகப் பாருங்கள். காலைப் பனி காயும்வரை தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். பனியில் நனைந்த குஞ்சு தேறுவது கஷ்டம்.

எவ்வளவு பழக்கினாலும் இது மடியில் உட்காராது. கொஞ்சம் பயம் இருப்பதும் நல்லதுதான். பாம்பு வந்தாலும் புது ஆள் வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும்.

இன்னொன்று. வயலோரம் கிடக்கும் மயில் முட்டையை எடுத்து வந்து கோழிக்கு அடைவைத்து, குஞ்சைப் பழக்கி வளர்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. முட்டையை எடுப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தனியாக நிற்கும் குஞ்சைத் தாய் வந்து கூட்டிப் போகும், விலகி நில்லுங்கள். அடிபட்டுக் கிடந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.