கண் கருவளையம்: களிம்புக்கு முன் இரத்தப் பரிசோதனை

கண்களுக்குக் கீழே தோன்றும் கருமையைப் போக்கக் களிம்பு வேண்டும் என்று கேட்டு மருத்துவமனைக்கு வருவோர் பலர். கருவளையம் பெரும்பாலும் நோயன்று. ஆயினும், சோர்வும் வெளிறிய தோற்றமும் உடன் இருந்தால் முதலில் தேவைப்படுவது களிம்பு அன்று, இரத்தப் பரிசோதனையே. சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பணிபுரியும் பெண்கள் இதனைக் குறிப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

காரணங்கள்

கண்ணிமைத் தோல் மிக மெல்லியது. ஆகவே, அடியிலுள்ள இரத்த நாளங்களின் நீலச்சாயல் வெளியே தெரிகிறது. மேலும்,

• பரம்பரையாகவும் வெயிலாலும் மெலனின் நிறமி மிகலாம்.
• தூசி ஒவ்வாமையால் அரிப்பு ஏற்பட்டுக் கண்களைத் தேய்க்கத் தேய்க்கக் கருமை கூடும்.
• வயது ஏறும்போது கண்ணடியில் பள்ளம் விழுந்து நிழல் தட்டும்.
• உறக்கக் குறைவு கருமையை மிகுத்துக் காட்டும்.
• இரத்தசோகையால் முகம் வெளிறும்போது கருமை எடுப்பாகத் தெரியும்.

இரத்தசோகையைக் கவனியுங்கள்

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகையாகும். படியேறினால் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், மிகுதியான மாதவிடாய் ஆகியவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சாத்தூர் அரசு மருத்துவமனையிலோ கட்டணமின்றிப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டால் தேநீர், காபியுடன் உட்கொள்ள வேண்டாம். மலம் கருத்துப் போவது இயல்பே. அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கம்பு, கீரை, பயறு வகைகளுடன் நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

• வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவிய பின்னரே முகத்தைத் தொடுங்கள். அலுமினியத் தூள், கந்தகம் படிந்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.
• கண் அரிப்புக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி சிகிச்சை பெறுங்கள்.
• நாள்தோறும் 7 மணி நேரமாவது உறங்குங்கள்.
• வெயிலில் செல்லும்போது குடையோ தொப்பியோ பயன்படுத்துங்கள்.

தவிர்க்க வேண்டியவை

கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் சீட்டின்றி நெடுநாள் பூசினால் தோல் மேலும் மெலியும். கண்ணுக்குள் சென்றால் கண் நீர் அழுத்தமும் கண்புரையும் ஏற்படலாம். எலுமிச்சைச் சாற்றையும் கண்ணருகே தடவாதீர்கள்.

நிறமியைக் குறைக்கும் களிம்புகளைத் தோல் மருத்துவரின் பரிந்துரைப்படியே பயன்படுத்துங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். பரம்பரைக் கருமை முற்றிலும் மறையாமலும் இருக்கலாம். அதனால் உடல்நலத்திற்குத் தீங்கில்லை.

தாமதிக்கக் கூடாதவை

தலையில் அடிபட்டபின் இரு கண்களைச் சுற்றியும் கருத்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திடீரெனக் கருமையோ வீக்கமோ தோன்றினாலும், முகமும் காலும் வீங்கினாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.