மாதச் சம்பளத்தில் ஒரு கார்: எதை வாங்குவது, எதை விடுவது?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு எழுகிறது. ரயிலில் இடம் கிடைப்பதில்லை. தனியார் பஸ்காரர்கள் பண்டிகை நாளில் கேட்கும் கட்டணத்தில் நாலு பேர் போய்வந்தால் அரை மாத வீட்டு வாடகை போய்விடுகிறது. தாயாருக்கு முழங்கால் வலி. பஸ் படியில் ஏற முடியவில்லை. சேலத்துக்கோ வேலூருக்கோ சுமார் 200 கிலோமீட்டர்தானே, சின்னதாக ஒரு கார் இருந்தால் என்ன?

நியாயமான ஆசைதான். முந்தைய தலைமுறைக் குமாஸ்தாவுக்கு அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் மேலதிகாரியின் வாகனங்களாகவே இருந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் கார் என்பது மாதச் சம்பளக்காரர் கனவு காணக்கூடிய பொருளாயிற்று. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் எளிமை. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது என்றாலும், அந்தக் காரை எடைபோட்ட அதே அளவுகோலைத்தான் இன்றும் கையில் எடுக்க வேண்டும். எஞ்சின் சிறியதாக இருக்க வேண்டும், பாகங்கள் ஜே.சி. ரோட்டிலும் கிடைக்க வேண்டும், தர்மபுரியிலும் கிடைக்க வேண்டும்.

முதலில் ஓட்டக் கணக்கு

காரின் விலையைப் பற்றியே பேசுகிறோம். அது ஓடப்போகும் தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பீன்யாவில் வேலைக்குப் போக பைக்கோ மெட்ரோவோ போதும் என்பவர், ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீடு, மாதம் ஒரு முறை ஊர் என்று வைத்தால், மாதத்துக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். நகர நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் வட்டமாக 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் சுமார் 3,300 ரூபாய். விளம்பரத்தில் சொல்லும் 24, 25 கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு. சில்க் போர்டு சந்திப்பில் அது செல்லாது.

‘சி.என்.ஜி. வாங்கினால் பாதிச் செலவு’ என்று நண்பர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு. பெட்ரோலில் 5 ரூபாய் 55 காசு. மிச்சம் ஏறக்குறைய 2 ரூபாய். அதே காரின் சி.என்.ஜி. மாடலுக்கு ஏறக்குறைய 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவர் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டரை வருஷத்தில் வந்துவிடும். அது தவிர, டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைக்கு இடம் எங்கே? மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

டீசல் பக்கம் போகவே வேண்டாம். புகையை வடிகட்டும் கருவி வைத்த புது டீசல் கார்களுக்கு நீண்ட, தொடர்ச்சியான ஓட்டம் தேவை. தெருமுனைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பாட்டரிக் காரின் ஓட்டச் செலவு உண்மையிலேயே குறைவு. ஆனால் ஸ்ரீராமபுரத்து வாடகை வீட்டில் இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்கு ஒயர் இறக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதை அவரவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தக் கார்?

புதுக் காருக்கு வசதி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வயதுள்ள, ஒரே உரிமையாளர் கையில் இருந்த கார்தான் ஏற்றது. விலையில் பெரிய சரிவை முதல் ஆசாமி ஏற்றுக்கொண்டிருப்பார்.

ஆல்டோ கே10, வாகன்ஆர், செலேரியோ இவற்றில் உள்ள ஒரு லிட்டர் எஞ்சின் சிக்கனமானது. டைமிங் செயின் உள்ளதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வாகன்ஆர் உயரமே அதன் பெரிய தகுதி. குனியாமல் ஏறி இறங்கலாம். நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 2022-ல் நின்றுபோனாலும், அந்தக் கம்பெனி இங்கேயே இருப்பதால் பராமரிப்புக்குப் பயமில்லை. இந்தியாவை விட்டுப் போன, அல்லது விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் கார்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும். ஃபோர்டு ஃபிகோவும் ஷெவர்லே பீட்டும் அப்படிப்பட்டவை. ஓட்டுவதற்கு நல்ல கார்கள்தான். ஆனால் ஒரு விளக்குக் கண்ணாடிக்காக இரண்டு வாரம் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கியர் விஷயத்தில் கையால் மாற்றும் பழைய முறையே சிக்கனம். தானியங்கி கியர் நெரிசலில் சுகம்தான். வாரண்டி முடிந்தபின் பழுதானால் அந்தச் சுகத்துக்கு மொத்தமாக விலை கொடுக்க நேரிடும்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு

மலிவான காரில் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு முதல் முறையாக இந்தியக் கார்களை மோதிச் சோதித்தபோது, ஆல்டோ 800 உள்பட ஐந்து கார்களும் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. 2023-ல் ஆல்டோ கே10 இரண்டும், வாகன்ஆர் ஒன்றும் வாங்கின. டாட்டா டியாகோ 2020-லேயே நான்கு வாங்கியிருந்தது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வருவதைக் கண்டவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பழைய கார் வாங்குபவர்கள் தயாரித்த வருஷத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து இரண்டு காற்றுப்பை கட்டாயமானது 2021 இறுதியில். எனவே 2022-க்குப் பின் செய்த கார் என்றால் இரண்டும் இருக்கும். அதற்கு முந்தையது இருபதாயிரம் முப்பதாயிரம் குறைவாக வருகிறது என்றால், அந்த மிச்சம் வேண்டாம்.

நீரில் நின்ற கார்கள்

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், பெங்களூரின் பெள்ளந்தூர், சர்ஜாபுரப் பகுதிகளில் 2022 செப்டம்பரிலும் கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி நனைந்த கார் துடைத்து, மெருகேற்றி, வேறு ஊர்ச் சந்தைக்கு வந்து நிற்கக்கூடும். வெளிப்பூச்சு எதையும் காட்டிக்கொடுக்காது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். கால்மிதிக்கு அடியில் உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கலாம்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே வண்டியை ஓடவைத்து வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்சம் வந்து மறைவது சகஜம். சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 30,000 கிலோமீட்டர் ஓடிய காரின் கிளட்ச் மிதியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் அது செய்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். இருநூறு முந்நூறு ரூபாய் பார்க்காமல் நம்பகமான மெக்கானிக்கையும் கூட அழைத்துப் போவது உத்தமம்.

டி.என். போர்டா, கே.ஏ. போர்டா?

வெளிமாநிலத் தமிழர்கள் அதிகம் கஷ்டப்படுவது இங்கேதான். ஊரில் மாமா கார் ஒன்று விலைக்கு வருகிறது, அங்கே விலையும் குறைவு, வாங்கி இங்கே ஓட்டினால் என்ன என்று தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குமுன் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும்.

அதோடு முடிவதில்லை. கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும். புதுக் காருக்கு அது 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14 சதவீதம், அதன்மேல் செஸ். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும், அதற்கு ஊருக்கு எத்தனை நடை, எத்தனை நாள் லீவு? எல்லாவற்றையும் கூட்டினால் மாமா கொடுத்த சலுகை காணாமற் போகும். இங்கேயே இருக்கப்போகிறவர்கள் கே.ஏ. போர்டு காரை வாங்குவதே மேல்.

மாற்றல் உள்ள வேலையில் இருப்பவர்கள் புதுக் கார் வாங்கினால் 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசைப் பதிவைக் கேளுங்கள். மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் அது உண்டு. வரியை இரண்டு இரண்டு வருஷமாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

பணம் கொடுக்கும் நாளில்

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டி, கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் காலம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். போலீஸ் அபராதப் பாக்கியையும் தனியே பார்க்க வேண்டும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு கண்ணால் ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் தீர்வுச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்கலாகாது. பெயர் மாற்ற 29, 30-ஆம் எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள் அவகாசம். கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி விற்றவருக்கே சொந்தம், காரோடு வராது. அவருடைய ஃபாஸ்டாகை அவரே முடித்துக்கொண்டால்தான் உங்கள் பெயரில் புதிது கிடைக்கும். அதையும் இரண்டாவது சாவியையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய மறுநாள் பல பேர் போனை எடுப்பதில்லை.